செல்லாக் காசு

தங்கசாலைத் தெருவில் இப்போது
யாரும் நாணயம் அடிப்பதில்லை.
பன்வர்லால் அடிப்பது
கபடிப் பதக்கம், பள்ளிக்கூடக் கேடயம்,
ஓய்வுபெறும் வங்கி மேனேஜருக்கு
வெல்வெட் பெட்டியில் ஒரு வட்டம்.
"ஃபர்ஸ்ட் பிரைஸ் எத்தனை, செகண்ட் எத்தனை மேடம்?"
எல்லாமே ஒரே பரிசு என்றேன்.
ஆள் நாற்பது, எனக்கொன்று,
ஆக நாற்பத்தொன்று.
பித்தளை. என் சொந்தச் சம்பளம்.
சர்க்கார் கணக்கில் இதற்குத் தலைப்பு கிடையாது.

புலி இருக்கிறது, குறுக்கு வாள் இருக்கிறது,
சிங்கம் மட்டும் கேட்காதீர்கள், வம்பு என்றார்.
நான் வரைந்து கொண்டுபோனது
ஒரு பிரிட்ஜ் கதவு.

முடிச்சூருக்குப் படகு வந்துசேரும் முன்
லான்ஸ் நாயக் வேல்ச்சாமி
அதைக் கீலோடு பிடுங்கி
நிறைமாதக்காரி ஒருத்தியைக் கிடத்தி
கழுத்தளவுத் தண்ணீரில்
தெருமுக்குவரை தள்ளிப்போனான்.
கதவின் முட்டைக் குழிகளில் மழை நிரம்பிக்கொண்டிருந்தது.
ஆறு குழி. எண்ணியிருக்கிறேன்.

பன்வர்லால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"கேரம் போர்டா மேடம்?"

அச்சில் மெல்லிய கோடு நிற்காதாம்.
ஆகவே மழை போயிற்று.
முட்டைக் குழிகள் போயின.
அவள் கால்விரல்களைச் சொல்லவே இல்லை நான்.
மிஞ்சியது ஒரு கட்டம், அடியில் மூன்று அலை.
பின்பக்கம்,
இரவில் ஆளெண்ணி முடித்ததும்
நாங்கள் சொல்கிற இரண்டே சொல்:
கணக்கு சரி.

இதற்கு மேடை இல்லை, மைக் இல்லை.
காசு என் உள்ளங்கையில் இருக்கும்,
கை குலுக்கினால் அவர்களுடையதில் இருக்கும்.
அவ்வளவுதான் சடங்கு.
என் கைச்சூடு ஆறுமுன் போய்ச்சேர வேண்டும் என்று
ஒவ்வொருவர் முன்னும்
கொஞ்சம் கூடுதலாகப் பொத்தியிருந்தேன்.
சமையல்கட்டு ஹவில்தார் பைலி
கடித்துப் பார்த்தார்.
வேல்ச்சாமி திருப்பித் திருப்பிப் பார்த்து
"கைப்பிடி இந்தப் பக்கம் மேடம்" என்றான்.

நாயக் சந்தியாகு குலுக்கினான்.
சல்யூட் வைத்தான். திரும்பி நடந்தான்.
காசு என் கையிலேயே இருந்தது.

மோட்டார் ஷெட் பின்னால் நின்றிருந்தான்.
"மூணாவது நடை மேடம்.
மொட்டைமாடியில நாலு டார்ச் எரிஞ்சுது.
நான் எறக்குனது மூணு பேரு."
இன்னொன்று பேட்டரி தீர்ந்திருக்கலாம் என்றேன்.
ஒருவரே இரண்டு பிடித்திருக்கலாம் என்றேன்.
விசாரித்துச் சொன்ன பேச்சல்ல.
அவனுக்கும் அது தெரிந்தது.
"இருக்கலாம் மேடம்" என்றான், மரியாதைக்கு.

ஞாயிறு ஓட்டம் முடிந்தால்
பரங்கிமலை ஸ்டேஷன் எதிரே டீ.
பழக்கம் ஒன்று வைத்துக்கொண்டோம்:
யாராவது காசை மேசையில் தட்டினால்
எல்லோரும் தட்ட வேண்டும்.
இல்லாதவன் தலையில் மொத்த பில்லும்.
தட்டுகிறார்கள். டக் டக் டக்.
பைலி காலுறைக்குள்ளிருந்து எடுக்கிறார்.
நானும் தட்டுகிறேன்.
சந்தியாகு எழுந்து
சட்டைப்பைக்குள் கைவிடுகிறான்.

பதினோரு டீ, நாலு பட்டர் பன்.
போன வாரமும் அவன்தான்.
அதற்கு முந்தின வாரம் காசைத்
தட்டவே வேண்டாம் என்று
கண்காட்டினேன் வேல்ச்சாமிக்கு.
சந்தியாகுவே மேசையில்
விரல் முட்டியால் தட்டினான்.

அவனுடையது என் இடதுபையில் இருக்கிறது,
சாவிக்கொத்தோடு உரசி
ஓர் அலை மழுங்கிவிட்டது.
மேசைக்கடியில் நீட்டிப் பார்த்தேன் ஒருநாள்.
டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் மேசை துடைக்க வந்தவர்
என் காசை எடுத்து
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
"இது செல்லாது தாயி."
"செல்லாது அண்ணே" என்றான் சந்தியாகு,
ரூபாய்த் தாள்களை எண்ணியபடி.
ஒருமுறை எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.